படலையடியில் கண்டது

கௌசலா அலுமாரிக்குள் தலையை விட்டு, அப்பாவுக்கு உடுத்துவதற்கு ஒரு நல்ல வேட்டி தேடிக்கொண்டிருந்தாள். நேற்று வயல் வரம்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் பிறகு எழும்பவில்லை. மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு.

வெளியே பந்தலில் அடுத்த வயல்காரர் பரமேஸ்வரன் அப்பாவின் கதையை எடுத்துவிட்டார். செத்தவீட்டில் அந்த மனிதருக்கு வாய் சும்மா இராது.

"சிற்றம்பலத்தார் நல்ல மனிசன்தான். தண்ணி எண்டால்தான் விசர். மகன் நிருஷன் பிறந்த துடக்குக் கழிவுக்கு முதல் கிழமை, இரவோடிரவா என்ர வரம்பை வெட்டித் தண்ணியைத் தன்ர வயலுக்கு விட்டவரெல்லே. விடியச் சேத்துக் காலும் மண்வெட்டியுமா வந்தவராம். மகளே கண்டவள்."

கௌசலாவின் கை நின்றது. ஓம், கண்டவள்தான். ஐந்து வருடத்துக்கு முன், பரமேஸ்வரன் வீட்டுக் கலியாணப் பந்தியில் யாரோ இந்தக் கதையைக் கிளற, "நான் கண்டனான், எங்கட வாசல் படலையடியில" என்று அவளே சிரித்துச் சிரித்துச் சொன்னாள். இரண்டு இலை தள்ளி அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. குற்றம் செய்தவர் எப்படி நிமிர்வார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். அதன்பிறகு அவர் அவள் வீட்டுப் பக்கம் வருவது குறைந்துபோனது.

கட்டிலில் சாய்ந்திருந்த அம்மா விமலேஸ்வரி மெல்லக் கேட்டாள். "நீ எப்பிடிப் பிள்ளை கண்டனீ? நீ அப்ப சின்னப்பிள்ளை, டெங்கு வந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரியிலயல்லோ கிடந்தனீ. ஆறு நாள் அவர்தான் உன்னோட நிண்டவர்."

"நீங்களல்லோ நிண்டனீங்கள்?"

"நான் எப்பிடி வாறது? நிருஷன் பிறந்து மூண்டு கிழமை. பச்சை உடம்புக்காரி, துடக்கோட வீட்டில கிடந்தனான். பிள்ளையளின்ர வார்ட்டில ஆம்பிளையள் நிக்கேலாது எண்டு, அவர் கெஞ்சி மண்டாடி நிண்டவர்."

"பிறகேன் ஊருக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நம்பவா போகினம், விடு எண்டார். ஊர் சொன்னது எனக்குத் தெரியும். நீ சொன்னது இப்பதான் தெரியும்."

கௌசலா ஒரு வேட்டியை உருவி எடுத்தாள். அப்பா மண்வெட்டியும் கையுமாகப் படலையடியில் வந்தது பொய்யில்லை. எத்தனையோ விடியல்களில் அப்படித்தான் வந்தார். கமக்காரன் வேறெப்படி வருவான்? அதில் ஒரு விடியலைத் தூக்கி அந்த நாளில் வைத்தது அவள்தான்.

வேட்டியைக் கொடுத்தனுப்பிவிட்டு நேரே பந்தலுக்குப் போனாள். அப்பாவை எடுப்பதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும்.

"மாமா, நான் காணேல்லை. பிழையாச் சொல்லிப்போட்டன். அப்பா அண்டைக்கு என்னோட ஆஸ்பத்திரியில நிண்டவர்."

பரமேஸ்வரன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "அழாத பிள்ளை. இண்டைக்கு உனக்கு அப்பிடித்தான் இருக்கும். நீ மட்டுமே கண்டனீ? நானும்தானே கண்டனான். நீலச் சாரம், மடிச்சுக் கட்டினபடி."

அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பக்கத்துக் கதிரைகளில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். அவள் இன்னொரு தரமும் சொன்னாள். யாரோ தேத்தண்ணி கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்கள்.

மூன்று மணிக்குப் பறை முன்னே போக, அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முதல் ஆளாகத் தோள் கொடுத்தவர் பரமேஸ்வரன்தான். பெண்கள் முற்றத்தோடு நின்று அழுதுவிட்டு, வீடு கழுவத் தொடங்கினார்கள்.

கௌசலா வாளியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம் போனாள்.

"ஆஸ்பத்திரியில அப்பா என்னம்மா செய்தவர்? என்னோட என்ன கதைச்சவர்?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நீதானே அங்க இருந்தனீ."

அவள் கண்ணை மூடினாள். அந்தக் காய்ச்சல் நினைவில் வந்தது. நெற்றியில் ஈரத்துணி வந்தது. உதட்டருகே இளநீர்க் கரண்டி, அதைப் பிடித்த கை. அந்தக் கைக்கு மேலே, அம்மாவின் முகம்.

திரும்பவும் மூடினாள். திரும்பவும் அம்மாதான் வந்தாள்.