நாலு விரற்கடை

அப்பாவைக் கூடத்தில் கிடத்தி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, அவர் தலைமாட்டுச் சுவரில் தொங்கிய பழைய துப்பாக்கியை அண்ணன் ஸ்டூல் மேல் ஏறிக் கழற்றிக்கொண்டிருந்தான். ஸ்டூல் ஆடியது. தங்கை ஓடிப்போய் அதன் காலைப் பிடித்துக்கொண்டாள். இவன் விழுந்து தொலைத்தால் அதற்கும் சேர்த்து யார் அழுவது!

"அண்ணா, அது அங்கேயே இருக்கட்டுமே. அப்பா சொன்னாருல்ல?"

"என்ன சொன்னாரு?"

"நெருப்புல காட்டாத, உள்ள இன்னும் இருக்குன்னு. முந்தாநேத்து என் கையப் பிடிச்சுகிட்டு சொன்னாரு."

"தலகாணிக்குள்ள கடிகாரம் ஓடுதுன்னும்தான் சொன்னாரு. அதையும் கிழிச்சுப் பாத்தியா?"

சுவரோரம் உட்கார்ந்திருந்த சித்தப்பா, வந்த சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

அண்ணன் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவன். நசுங்கியதைக் கண்டால் தட்டுவான், துருவைக் கண்டால் தேய்ப்பான். சும்மா இருக்க அவன் கைக்குத் தெரியாது. அப்பாவின் தாத்தா காலத்திலிருந்து கைமாறி வந்த துப்பாக்கியைப் பளபளவென்று ஆக்கி அப்பா பக்கத்தில் வைக்க வேண்டும், வருகிறவர்கள் அசந்துபோக வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு. குழாயின் அடியில் ஒரு கீறல் இருந்தது. அதைப் பற்றவைக்க ஷெட்டிலிருந்து வெல்டரையே வரவழைத்துவிட்டான்.

அவளைப் பொய்க்காரி என்று யாரும் சொல்லவில்லை. பாவம், ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, அதான் என்றார்கள். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தையல் மெஷினோடும் அப்பாவோடும் இந்த வீட்டிலேயே இருபது வருஷத்தை ஓட்டியவள் அவள். பித்தான் வைப்பதைத் தவிர வேறெதிலும் அவள் பேச்சு இங்கே எடுபட்டதில்லை. அப்பா கடைசியாகப் பேசியது அவளிடம்தான். அதையும் பிதற்றல் என்று தள்ளிவிட்டால் அவளுக்கென்று என்ன மிச்சம்?

பின்வாசலில் வெல்டர் நெருப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து போனாள்.

"ஒரு நிமிஷம், அண்ணே. அத அணைங்க. நான் ஒரு அளவு பாத்துக்கறேன்."

"சட்டையா தைக்கப்போற?" என்றான் அண்ணன்.

அவள், வெடிமருந்தை இடித்து இறுக்குவதற்காகக் குழாயின் கீழேயே செருகியிருந்த நீளக் கம்பியை உருவினாள். பக்கவாட்டில் நின்று, குழாய்க்குள் அது தட்டும்வரை மெதுவாக விட்டாள். குழாய் வாயின் விளிம்புக்கு நேராகக் கம்பியில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். கம்பியை வெளியே எடுத்து, கோடு விளிம்போடு பொருந்தும்படி குழாயின் மேலேயே படுக்கவைத்தாள். கம்பியின் நுனி, பின்னால் நெருப்பு போகும் சின்னத் துளைவரை வரவேண்டும். வரவில்லை. நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது.

"பாரு. இவ்வளவு குறையுது. உள்ள எதுவோ இருக்கு."

"குளவி கூடு கட்டியிருக்கும்."

வெல்டர் எழுந்து நின்றுகொண்டார். "குளவியோ கிளவியோ, இதுல நான் சூடு காட்ட மாட்டேன் முதலாளி. எனக்கு ரெண்டு கண்ணும் வேணும்."

துப்பாக்கி பழுதுபார்க்கிற கிழவர் ஒருவரை அவருக்குத் தெரியும். போன் போட்டதும் வந்தார். எல்லோரையும் விலகச் சொல்லி, குழாயின் வாயை மதில் பக்கம் திருப்பி, திருகு முனை வைத்த கம்பியை விட்டு நிதானமாகத் திருகினார். முதலில் மக்கிப்போன துணிப்பந்து வந்தது. பிறகு ஒரு ஈயக் குண்டு. பிறகு, விரித்த செய்தித்தாளில் பொலபொலவென்று கறுப்பாகத் தூள்.

அதில் ஒரு சிட்டிகையை எடுத்துத் தூரமாகக் கொண்டுபோய்த் தரையில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டினார். புஸ்ஸென்று ஒரு சாண் உயரத்துக்கு நெருப்பு எழுந்தது. சித்தப்பா வாசல்வரை ஓடிவிட்டார்.

"நூறு வருஷம் இருக்கும். ஒண்ணும் ஆகல பாருங்க. சூடு காட்டியிருந்தா..." கிழவர் முடிக்கவில்லை. "யாரு கண்டுபிடிச்சது?"

வெல்டர் மோவாயால் அவளைக் காட்டினார்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வந்தன. உள்ளே ஓடி, அப்பாவின் காதருகே குனிந்து, வீடே கேட்கிற மாதிரி சொன்னாள்: "இருந்துச்சுப்பா! நீங்க சொன்ன மாதிரியே இருந்துச்சு!"

யாரும் அவளை அடக்கவில்லை.

வெளியே கிழவர் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "தேய்க்கவே தேய்க்காதீங்க தம்பி. துருவுக்கு அடியில செதுக்கு வேலை இருக்கு, அதுவும் சேந்து போயிடும். எண்ணெய் தடவி வச்சாப் போதும்."

"தங்கச்சிகிட்ட சொல்லுங்க" என்றான் அண்ணன். "அதுதான் பாத்துக்கும்."

வாசலில் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். சித்தப்பா வழக்கம்போல அண்ணனைப் பார்த்து, "எடுத்துரலாமாப்பா?" என்றார்.

அண்ணன் அவளிடம் வந்தான். அவன் முகம் இன்னும் வெளுத்துத்தான் இருந்தது.

"நீ சொல்லு. எடுக்கலாமா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

அண்ணனே வாசலுக்குப் போய் டிரைவரிடம் சொன்னான். வண்டியின் இன்ஜின் அணைந்தது. எழுந்தவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராகத் திரும்ப உட்கார்ந்தார்கள்.