இருநூற்றுப் பதினான்கு விரல்கள்

இரண்டாயிரத்து இருபத்திரண்டு பங்குனிக்கும் இரண்டாயிரத்து இருபத்து நான்கு கார்த்திகைக்கும் இடையில், பெரியபட்டினம் தொடங்கி நயினார்கோவில் வரை இருநூற்றுப் பதினான்கு பேரின் இடது கை மோதிர விரலில் வெள்ளைத் தழும்பு விழுந்தது. பல வருடம் போட்டிருந்த மோதிரத்தைக் கழற்றினால் தோல் வெளுத்து வளையமாகத் தெரியுமே, அதேதான். ஆனால் அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆயுளில் மோதிரம் போட்டதில்லை. வலி இல்லை, அரிப்பு இல்லை. மருத்துவ முகாமுக்கு வந்த டாக்டரம்மா, மிளகாய்க்கு அடிக்கிற மருந்தால் வந்த ஒவ்வாமை என்று எழுதி ஆளுக்கொரு களிம்பு கொடுத்துவிட்டுப் போனார். வரிசையில் நின்ற கோயில் பூசாரி மிளகாய்ச் செடியைத் தொட்டு இருபது வருடம் ஆகியிருந்தது. அவரும் களிம்பை வாங்கிக்கொண்டார்.

தழும்பு முதலில் விழுந்த இரண்டு பேரில் ஒருவன் பூமிநாதன். நயினார்கோவிலுக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கரில் குண்டு மிளகாய் போடுகிறவன், வயது முப்பத்தொன்பது. பத்தொன்பது வீட்டில் பெண் பார்த்தாயிற்று. பத்தொன்பதிலும் ஒரே பதில்தான் வந்தது: மாப்பிள்ளை தங்கமானவர், ஆனால் விவசாயமல்லவா பார்க்கிறார். பிறகு அவனுடைய அக்கா பாண்டியம்மாள் தரகரைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள். பூமிநாதனுக்கு அதில் வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம். சட்டையை இஸ்திரி போட்டு, காரில் ஏறி, யார் வீட்டுக் கேசரியையோ தின்றுவிட்டுத் தலையைக் குனிந்து திரும்பி வருவது மனிதனை எவ்வளவு களைப்பாக்கும் என்பது போனவனுக்குத்தான் தெரியும்.

களைப்பு அவனுக்கு மட்டும் உரியதல்ல. மிளகாய் மண்டியில் தரம் பிரித்து, எடை போட்டு, மூட்டையைத் தைக்கிற மாரிச்செல்விக்கு முப்பத்தைந்து வயது. காப்பித் தட்டை அவள் இருபத்தேழு தடவை தூக்கியிருந்தாள். நிறம் போதாது, வயது கூடிவிட்டது, செவ்வாய் இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு குறை. ஒருநாள், தன்னோடு வேலை பார்க்கும் சூஃபியாவிடம் அவள் சொன்னது, வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த பூமிநாதன் காதில் விழுந்தது.

"பத்துப் பேரு வந்து மாட்டைப் பாக்குற மாதிரி பாக்குறது போதும்டி. ஒருத்தன், ஒரே ஒருத்தன், ஊருக்குத் தெரியாம வந்து என்கிட்ட நேராக் கேக்கட்டும். அவன் யாரா இருந்தாலும் யோசிப்பேன்."

பூமிநாதன் அன்று மூட்டையை இறக்கியதும் கிளம்பவில்லை. கோணி ஊசியால் சாக்கைத் தைக்கும்போது சணல் நூலை இடது மோதிர விரலில் சுற்றி இறுக்குவது அவள் வழக்கம். வேலை முடிந்து அவள் உருவிப் போட்ட நூல் வளையம் மேசைமேல் கிடந்தது. அதை மோதிர அளவுக்கென்று எடுத்துத் தீப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டான். மறுநாள் இரண்டு பஸ் மாறிப் பெரியபட்டினம் போனான். தெரிந்தவர் கண்ணில் படாமல் மோதிரம் செய்ய அதுதான் தோதான தூரம் என்பது அவன் கணக்கு.

அங்கே நகை செய்கிற வாவு முகம்மதுவிடம் என்ன வேண்டும் என்று அவன் விவரமாகச் சொன்னான். குண்டு மிளகாய் வைத்த மோதிரம்; நிஜ மிளகாய் அளவுக்கு வேண்டாம், அதில் கால்வாசி இருக்கட்டும். காய்க்குப் பவளம், காம்புக்குத் தங்கம். இதுபோல இன்னொன்று உலகத்தில் இருக்கக் கூடாது. யாருக்கு, எதற்கு என்பதையும் சொன்னான். சொல்லி வாய் மூடவும் இரண்டு பேர் விரலிலும் தழும்பு விழுந்தது. வாவு முகம்மது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தன் விரலைப் பார்த்தார், அவன் விரலைப் பார்த்தார். பிறகு, வளையத்துக்குக் கம்பி எவ்வளவு கனம் இருக்கலாம் என்று கேட்டார்.

வெளியே சொல்லமாட்டேன் என்று அவர் சத்தியம் செய்ததில் பொய் இல்லை. ஆனால் ஆம்பளைக்குத் தங்கம் ஆகாது என்று முப்பது வருடமாகச் சொல்லி வந்த மனிதரின் விரலில் மோதிரத் தழும்பைப் பார்த்தால் எந்தப் பெண்சாதி சும்மா இருப்பாள்? சுலைகா இரண்டு நாள் சோறு ஆக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் உண்மையைச் சொன்னார். அவள் விரலிலும் விழுந்தது. அவளிடமிருந்து தங்கச்சிக்கு, அங்கிருந்து கீழக்கரைப் பவளக்காரருக்கு, அவரிடமிருந்து மினிபஸ் கண்டக்டர் கூத்தையாவுக்கு. இரண்டே வெள்ளிக்கிழமையில், பூமிநாதன் பஸ் மாறிப் போன அதே வழியாகச் சேதி நயினார்கோவிலுக்கு வந்து சேர்ந்தது. விஷயம் தெரிந்தவர் விரலில் தழும்பு இருக்கும். தெரியாதவர் விரல் சுத்தமாக இருக்கும். அதைத் தவிர அதற்கு வேறு எந்த விதியும் இல்லை.

மாரிச்செல்வியிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. பாண்டியம்மாள் வீடு வீடாகப் போய்க் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டது ஒரு காரணம். இன்னொன்று, அவளைப் பெண் பார்க்க வந்த இருபத்தேழு தடவையும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்கள்தானே எல்லாரும். அந்தக் கூச்சம் கொஞ்சம் இருந்தது. சீட்டு எடுத்தவன் பெயர் பொழுது சாய்வதற்குள் தெருமுனைக்கு வந்துவிடுகிற ஊரில், ஒரு சேதி இப்படி அடங்கி நின்றது அதுவரை நடக்காதது. அவள் வந்தால் பேச்சை நிறுத்துவார்கள். விரலில் என்ன என்று கேட்டால், மருந்தடித்தது என்பார்கள்.

மோதிரம் சித்திரையிலேயே தயாராகிவிட்டது. பூமிநாதன்தான் தயாராகவில்லை. முதல் வருடம் காய் பழுக்கிற நேரத்தில் மழை பெய்து செடி அழுகியது. இந்த நிலைமையில் என்ன கேட்பது என்று விட்டுவிட்டான். அடுத்த வருடம் பெற்ற அய்யாவுக்குக் கைகால் இழுத்துக்கொண்டது. ஆனால் இதெல்லாம் வெளியே சொல்லிக்கொண்ட காரணம். உண்மையான காரணம் பயம். வாரத்துக்கு ஒரு தடவை ஏதாவது சாக்கில் மண்டிக்குப் போய் அவள் விரலைப் பார்ப்பான். தழும்பு இருக்காது. அவளுக்குத் தெரியாத வரைக்கும் அவள் முடியாது என்று சொல்லவில்லை. இருபதாவது மறுப்பைக் கேட்க அவனிடம் தெம்பு இல்லை. சட்டைப் பைக்குள் தீப்பெட்டியும் தீப்பெட்டிக்குள் மோதிரமுமாக இரண்டரை வருடம் திரிந்தான். சேதி தெரிந்தவர்களும் காத்திருந்து காத்திருந்து சலித்துப்போனார்கள். தழும்போடு நான்கு பேர் காலமானார்கள். டீக்கடையில் அவனைக் கண்டால் பெரியவர்கள் விரலைத் தடவிக் காட்டிவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள்.

கார்த்திகை மாதம் ஒரு மாலை பாண்டியம்மாள் கோபமாக வந்தாள்.

"ஏலே பூமி, அந்தப் புள்ள ராமேஸ்வரம் போயிட்டு வந்திருக்கு, தெரியுமா? இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடியிருக்கு. எதுக்குன்னு சூஃபியாகிட்டக் கேட்டேன். தன் விரல்லயும் தழும்பு விழணுமாம்லே. அதுக்கு வேண்டிக்கிட்டாளாம்."

பூமிநாதன் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை மண்டி திறக்கும்போதே போய் நின்றான். காய் இல்லாத மாதம், உள்ளே அவளும் தராசும் காலிச் சாக்குகளும்தான். இரண்டரை வருடமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. தீப்பெட்டியை மேசைமேல் வைத்துத் திறந்தான்.

"என்னையக் கட்டிக்கிறீகளான்னு கேக்க வந்தேன். இதுக்குத்தான் எல்லாரு விரல்லயும் அது. ரெண்டரை வருசமா எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

மாரிச்செல்வி பவளத்தைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தாள். அவன் சொல்லி முடித்தபோதே அவள் விரலில் வெள்ளை வளையம் வந்திருந்தது. அதை வலது கையால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. அப்படியே சாக்கின்மேல் உட்கார்ந்து அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை. வெகுநாள் தூக்கிய பாரத்தை இறக்கி வைத்தவள் மூச்சு வாங்குவதுபோல அழுதாள்.

"ஊருல எல்லாருக்கும் இருக்கு. என்னையக் கண்டா எல்லாரும் பேச்சை நிறுத்துறாக. என் விரல்ல மட்டும் இல்ல. மனுசங்கதான் வேண்டாம்னாக, இப்பச் சாமியும் என்னைய விட்டுருச்சுன்னு நெனச்சேன். ராத்திரி ராத்திரி நூலை இறுக்கிக் கட்டிக்கிட்டுப் படுப்பேன், காலையில தழும்பு நிக்குமான்னு. எனக்காகத்தானா ஊரே வாயைக் கட்டிக்கிட்டு இருந்துச்சு?"

ஆமாம் என்றான். தன்னால்தான் இத்தனை நாள் ஆயிற்று, பயந்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றான். அவள் மன்னித்ததாகச் சொல்லவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு மோதிரத்தை எடுத்துத் தானே போட்டுப் பார்த்தாள். தொளதொளவென்று சுற்றியது. அப்போதுதான் இரண்டு பேருக்கும் புரிந்தது: அவன் நூலை எடுத்தது பங்குனியில். காய் பிரிக்கிற காலத்தில் காரம் ஏறி அவள் விரல்களெல்லாம் வீங்கியிருக்கும். எத்தனையோ வருடமாக மிளகாய் போடுகிறவன், அந்தக் கைகளுக்கு நடப்பதை யோசிக்காமல் போனான். நாளைக்கே பெரியபட்டினம் போய்ச் சின்னதாக்கி வாங்கி வருகிறேன் என்று அவன் கை நீட்டினான்.

அவள் கொடுக்கவில்லை.

"இருக்கட்டும். மாசி பொறந்தா சரியாயிரும்" என்றாள்.

இதற்குச் சம்மதம் என்று அர்த்தம் என்பது அவனுக்கு விளங்கப் பாதி வழி நடக்க வேண்டியிருந்தது. அதற்குள் அவள் மண்டிக் கதவைச் சாத்திவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விட்டாள். டீக்கடை, ரேஷன் கடை, கோயில் வாசல் என்று ஒவ்வொரு இடமாக நின்று, எதிரில் வந்தவர்களிடமெல்லாம் இடது கையைக் காட்டச் சொன்னாள். எல்லாரும் காட்டினார்கள். பூசாரி தட்டைக் கீழே வைத்துவிட்டுக் காட்டினார். அவள் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே போனாள். யாரையும் திட்டவில்லை. மினிபஸ் அன்று பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியது, கூத்தையா கையைக் காட்டிவிட்டு வந்ததால்.

தையில் கல்யாணம் நடந்தது. தழும்புகள் யாருக்கும் மறையவில்லை. கல்யாணமாகி ஊருக்கு வருகிற மருமகள்களுக்கு முதல் வாரத்திலேயே யாராவது இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறார்கள். உடனே அவர்களுக்கும் விழுகிறது. இரண்டு நாள் மஞ்சள் தேய்த்துப் பார்க்கிறார்கள், பிறகு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். மாரிச்செல்வி அந்த மோதிரத்தை மாசியிலிருந்து சித்திரை வரைக்கும்தான் போடுகிறாள். கை காந்துகிற அந்த மூன்று மாதமும் சாயங்காலம் பூமிநாதன் அவள் கைகளுக்கு நல்லெண்ணெய் தடவிவிடுகிறான். மோதிரத்தைக் கழற்றாமல் தடவ அவனுக்கு இப்போது பழகிவிட்டது.