அய்யாவு டேமில் நீர்மாலை

பித்தளைக் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மலர் மண்கரையின் உச்சிக்கு ஏறி, அணைக்குள் எட்டிப் பார்த்தாள். பச்சைப்பசேலென்று புல் கிடந்தது. புல்லுக்குள் கமலநாதன் மாமாவின் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. தண்ணீரைத்தான் காணோம்.

பின்னால் வந்த உருமி மேளக்காரர்கள் ஒவ்வொருவராக ஏறி, எட்டிப் பார்த்து, மேளம் அடிப்பதை நிறுத்தினார்கள்.

"இங்கயா தங்கச்சி தண்ணி எடுக்கணும்?" என்றார் சடங்கு செய்ய வந்த பண்டாரம். "வீட்டுக் குழாயிலயே எடுத்திருக்கலாம் லா. வேப்பிலை கட்டிட்டா அதுவும் கங்கைதான். எனக்குக் குளுவாங்ல இன்னொரு சாவு வேற இருக்கு."

ரெங்கம் டவுனை ஒட்டிய அந்தக் கம்பத்துக் கிராமத்தில் யார் செத்தாலும், பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுப்பது பின்கட்டுக் குழாயில்தான். ஆனால் நேற்று செத்துப்போன அய்யாவு லேசுப்பட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு டேம் தண்ணிதான் ஊத்தணும். குழாய்த் தண்ணி ஊத்துனா எந்திரிச்சு உக்காந்துருவேன்" என்று சொல்லிவிட்டார். மலரும் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டாள். சாகக் கிடக்கிறவரிடம் மழை விவரமா பேச முடியும்?

அந்த டேமே அவர் வாங்கி வந்ததுதான். வெள்ளத்தில் கம்பத்தின் கட்டில், மெத்தை, கோழிக்கூண்டு எல்லாம் மிதந்து போன வருஷத்திலிருந்து ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். கடைசியில் மேட்டுப்பக்கத்து ஓடையை மறித்து மண்ணைக் கொட்டி, அடியில் ஒரு சிமெண்டுக் குழாயையும் வைத்துக் கட்டிக்கொடுத்தார்கள். திறப்பு விழாவுக்கு அய்யாவு பிளாஸ்டிக் பை நிறையத் திலாப்பியா குஞ்சுகளோடு போய் நின்றார். தண்ணீர் எப்போது விடுவீர்கள் என்று கேட்டார். இது வெள்ளத்தைத் தடுக்கிற டேம், பெருமழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடும், மற்ற நாளெல்லாம் காலியாகத்தான் கிடக்கும் என்று அதிகாரி சொன்னார். அய்யாவு மீனோடு வீடு திரும்பினார். ஆனால் மறுநாளே காப்பிக்கடையில் உட்கார்ந்து, பிளான் போட்டதே தான்தான் என்பதுபோல, "காலியா இருந்தாத்தான்யா கொள்ளும். வயிறு ரொம்பியிருந்தா சோத்தை எங்க போடுவ?" என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

அம்மாவின் தம்பி கமலநாதன் மாமா மட்டும் மசியவில்லை. 'மாட்டு டேம்' என்று பெயர் வைத்தார். பெயரோடு விடாமல் மாடுகளையும் ஓட்டி வந்து விட்டார். மாடு மிதித்தால் கரை சரியும் என்று அப்பா விரட்டுவார். இரண்டு பேருக்கும் பேச்சு நின்று பல வருஷமாகிவிட்டது. சொல்ல வேண்டியது இருந்தால் மாட்டிடம் சொல்லிக்கொள்வார்கள்.

இப்போது மாமா, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு கூட்டத்தின் கடைசியில் வந்து நின்றார். மலர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பாவின் சாவிலுமா இந்த மனுஷன் வந்து நின்று சிரிக்கப் போகிறார்?

"மலர், நான் ரெண்டு பாட்டில் தண்ணி வாங்கியாறேன்" என்றான் அவள் கணவன் ரூபேந்திரன். "டேம்ல ஊத்திட்டு, அதையே திரும்ப அள்ளிக்கலாம்."

மலர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் குடையை விரித்துத் தன்னை மறைத்துக்கொண்டான்.

அவள் கரையின் மறுபக்கம் இறங்கினாள். அங்கே குழாயின் வாயில் நூல் மாதிரி தண்ணீர் கசிந்தது. குடத்தைச் சாய்த்துப் பிடித்தாள்.

"அடிக்கவா, நிறுத்தவாக்கா?" என்றான் உருமிக்காரன்.

"அடிங்க."

அடித்தார்கள். அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோய்ப் புல்லில் உட்கார்ந்தார்கள். குடத்தில் நான்கு விரல்கூட ஏறவில்லை. அம்மா செல்லம் போனில் கூப்பிட்டாள்.

"தண்ணி எடுக்கப் போனீங்களா, கிணறு தோண்டப் போனீங்களா?"

"டேம்ல தண்ணி இல்லம்மா."

"என்னைக்கு இருந்துச்சு? ரொம்புற வரைக்கும் நில்லு. அவரு எங்கயும் போயிடப் போறதில்ல."

நேற்றிலிருந்து அழாத மலருக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், கரைமேல் மாமாவைக் காணோம். காப்பிக்கடையில் போய்ச் சொல்லிச் சிரிக்கக் கிளம்பிவிட்டார் என்று நினைத்தாள்.

திடீரென்று குழாய்க்குள்ளிருந்து ஒரு குரல் அதட்டியது.

"மச்சான்!"

"அலமாக்!" என்று அலறிக்கொண்டு உருமிக்காரன் துள்ளி எழுந்தான். பண்டாரம் விபூதித் தட்டோடு நாலடி பின்வாங்கினார்.

"நீங்க பாட்டுக்கு ஆஸ்பத்திரியில போயிப் படுத்துக்கிட்டீங்க! இந்தக் குப்பையெல்லாம் யாரு அள்ளுறதாம்? ஒவ்வொரு மழைக்கும் கைய விட்டு அள்ளுவீங்கல்ல? இப்ப யாரு மச்சான் அள்ளுறது?"

கடைசி வார்த்தையில் மாமாவின் குரல் உடைந்தது. குழாய்க்கு அந்தப் பக்கம், கம்பித் தடுப்பில் எதையோ பிய்த்து எறிகிற சத்தம் கேட்டது. அப்பா படுக்கையில் விழுந்ததிலிருந்து யாரும் அங்கே போகவில்லை என்பது மலருக்கு அப்போதுதான் உறைத்தது. அவளும்தான் போகவில்லை.

குழாய் ஒருமுறை கனைத்தது. குப்பைக்குப் பின்னால் புல் மறைவில் தேங்கிக் கிடந்த பழுப்புத் தண்ணீர், சருகும் செம்பனை மட்டைத் துணுக்குமாகப் பாய்ந்து வந்து, குடத்தை நிரப்பி, மலரின் சேலையையும் நனைத்தது. சொல்லாமலே உருமி முழங்கியது.

மாமா கரைமேல் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை தோள்வரை சேறாகியிருந்தது. "என்ன பாக்குற? எடுத்துக்கிட்டு நட. பண்டாரத்துக்கு இன்னொரு சாவு இருக்காம்ல."

வீட்டில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துப் பண்டாரம் தயங்கினார். "ஊத்துங்க" என்றாள் செல்லம். "அவரு கேட்ட தண்ணிதான."

சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து திரும்பி, எல்லோரும் குளித்துவிட்டுச் சாப்பிட உட்காரும்போது மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. மாமா தட்டின்முன் உட்காரப் போனவர் அப்படியே நிமிர்ந்தார். சுவரோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"எங்க மாமா கெளம்பிட்டீங்க?" என்றாள் மலர்.

"மாட்டைப் பாத்துட்டு வரேன்."

மாடுகள் மூன்றும் எதிர்க் கொட்டகையில் கட்டிக் கிடந்தன. எல்லோருக்கும் தெரிந்தது. அவர் மழைக்குள் இறங்கி மேட்டுப்பக்கம் நடந்தார்.

"சாப்புட்டுட்டுப் போடா!" என்று செல்லம் கத்தினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "அந்த டேமுக்குன்னு எங்க குடும்பத்துலருந்து ஒரு ஆளை நேர்ந்து விட்டிருக்கு போல" என்று முணுமுணுத்தாள். பிறகு தம்பியின் தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றாமல் தனியாக எடுத்து வைத்து, இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினாள்.