ஆறு குட்டிகளை விழுங்கிய ஓநாய்

சிசிலி அந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதில் யாரும் சாகவில்லை என்பதுதான்.

தலவாக்கலை நகரில் முனீராவின் புத்தகக் கடையில் ஓநாயும் ஆட்டுக்குட்டிகளும் கதை இரண்டு விதமாக இருந்தது. தாய் ஆடு மேயப் போன நேரத்தில் ஓநாய் வந்து கதவைத் தட்டும்வரை இரண்டும் ஒன்றுதான். ஒன்றில், ஓநாய் காலில் மாவைப் பூசிக்கொண்டு, அம்மா வந்திருக்கிறேன் என்று குரலை மாற்றிப் பேசி, உள்ளே புகுந்து ஆறு குட்டிகளை விழுங்குகிறது. தாய் ஆடு அதன் வயிற்றைக் கிழித்துக் குட்டிகளை எடுத்துவிட்டு, கல்லை வைத்துத் தைக்கிறது; ஓநாய் சாகிறது. மற்றதில் ஓநாய் பசியோடு வருகிறது. குட்டிகள் கதவைத் திறந்து சூப் கொடுக்கின்றன. கடைசிப் பக்கத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

சிசிலியின் பொறுப்பில் இருந்தது தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு மாலையில் கூட்டிப்போவார்கள். பதினொரு பிள்ளைகள். தாய் வெளியே போன பிறகு ஓநாய் வரும் கதையை அவர்களுக்கு வாசிப்பதே யோசிக்க வேண்டிய விஷயம். அவள் சூப் புத்தகத்தை வாங்கினாள்.

"ஓநாய்ன்னா என்னா?" என்று பிள்ளைகளைக் கேட்டாள்.

நான்கு வயது மிலான் மட்டும் வாயைத் திறந்தான். "புலி."

சிறுத்தையைத்தான் தோட்டத்தில் புலி என்பார்கள். அந்த மாதம் அது தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் இரண்டு நாய்களைத் தூக்கிப் போயிருந்தது. சிசிலியும் ஓநாயைப் பார்த்ததில்லை.

"கிட்டத்தட்ட" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து, மாலையில் மிலானைக் கூட்டிப்போக வந்த அவன் தாய் கேத்ரின் வாசலிலேயே நின்றாள். அவள் வீடு லயத்தில் கடைசி. அதற்கப்பால் காடு. கணவன் கொழும்பில் வேலை செய்தான்.

"டீச்சர், இவன் சாப்பாட்டுல பாதிய வெளிய வைக்கிறான்."

"யாருக்கு?"

"புலிக்கு. பசியோட வருமாம்."

சிசிலி அலமாரியிலிருந்த சூப் புத்தகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னைக்கு விடிய, கதவ ஏதோ பிராண்டிச்சி. நான் அடுப்படியில இருந்து வர்றதுக்குள்ள தொறந்துட்டான்."

"என்னா அது?"

"நாயி. இன்னைக்கு நாயி, டீச்சர்."

கீழேயிருந்து பனி தேயிலையை மூடிக்கொண்டு ஏறியது. கேத்ரின் மிலானின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

சனிக்கிழமை சிசிலி புத்தகத்தை மாற்றப் போனாள்.

"போன தடவ ரத்தம் வேணாம்னீங்களே டீச்சர்" என்றாள் முனீரா.

"இப்ப வேணும்."

"எவ்வளவு?"

"ஆறு குட்டி."

முனீரா பழைய புத்தகத்தைப் புரட்டினாள். சூப் படத்தில் சின்னச் சின்ன விரல் தடங்கள். "இது பத்தாட்டி சொல்லுங்க" என்றபடி மற்றதை எடுத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை வாசித்தாள். மூன்று பிள்ளைகள் அழுதார்கள். ஒரு பிள்ளை பாயை நனைத்தது. மிலான் அழவில்லை.

"டீச்சர், சூப்பு குடிச்சிச்சே, அந்த ஓநாயா இது?"

"இல்ல. இது வேற."

"எப்பிடித் தெரியும்?"

சிசிலி இரண்டு படங்களையும் மனதில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வாசலில் நிற்கும்போது இரண்டு ஓநாய்களும் ஒரே மாதிரிதான் இருந்தன.

"தொறந்தாத்தான் தெரியும்" என்றாள் கடைசியில். "அதனாலதான் தொறக்கக் கூடாது."

மிலான் மாவு பூசிய காலின் படத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு, "சரி" என்றான்.

மறுநாள் காலை, மற்றப் பிள்ளைகள் வருமுன் கேத்ரின் தனியாக ஓடி வந்தாள்.

"ரொட்டிக்கு மாவு பெசஞ்சிக்கிட்டு இருந்தேன் டீச்சர். தண்ணி பத்தல. பீலிக்குப் போய் ஒரு வாளி புடிச்சிட்டு வர்றேன், உள்ள தாப்பாள் போட்டுட்டான்."

"நல்லதுதானே."

"கையக் காட்டுன்னான். ஜன்னல்ல காட்டுனேன். கையெல்லாம் மாவு."

"கழுவிட்டுக் காட்டுறதுதானே?"

"காட்டுனேனே! மாவக் கழுவிட்டு வந்து ஏமாத்துறியான்னு கேக்குறான்."

"அம்மா கொரலு கூடவா தெரியாது?"

"ஓநாயும் அப்பிடித்தான் பேசிச்சாம். நீங்கதானே வாசிச்சீங்க."

"அப்புறம் எப்பிடித் தொறந்தான்?"

"எங்க தொறந்தான்? உள்ளதான் இருக்கான். வேலைக்குப் பெரட்டுல பேரு கொடுக்கிற நேரமும் போச்சி."

சிசிலி அவளோடு லயத்துக்கு இறங்கினாள். வழியில் தண்ணீர் விழும் பீலியில் தானும் இரண்டு கைகளையும் கழுவிக்கொண்டாள். ஏன் என்று கேத்ரின் கேட்கவில்லை.

கதவுக்கு முன்னால், புலிக்கு வைக்கும் சோற்றுத் தட்டு இல்லை. நேற்று இரவு வைக்கவேயில்லை போலும்.

"மிலான், டீச்சர் வந்திருக்கேன்."

கதவின் கீழ்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"சூப்பு டீச்சரா, கல்லு டீச்சரா?"

எந்தப் பதிலுக்குக் கதவு திறக்கும் என்று சிசிலிக்குத் தெரியவில்லை. எந்தப் பதிலுக்கும் திறக்காமலிருந்தால் நல்லது என்றும் தோன்றியது. கேத்ரின் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். சிசிலி ஈரக் கையை ஜன்னலுக்கு நேரே நீட்டியபடி நின்றாள்.

உள்ளே, மிலான் தாழ்ப்பாளை இன்னொரு தடவை சரிபார்க்கும் சத்தம் கேட்டது.