எட்டாம் வகுப்புக் கூரை

எட்டாம் வகுப்பு அறையின் கூரை வருஷத்துக்கு ஒரு சாண் இறங்கியது. முதலில் மின்விசிறியின் தண்டை வெட்டிக் குட்டையாக்கினார்கள், பிறகு விசிறியையே கழற்றினார்கள், அதற்கும் பிறகு பெஞ்சுகளை வெளியே போட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்தார்கள். கொத்தனார் வந்து தட்டிப் பார்த்தார். சுவரில் விரிசல் இல்லை, அஸ்திவாரம் கல்லாக இருக்கிறது, மேலே மாடியும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, இதில் எனக்கு வேலையில்லை என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார். புவியியல் ஆசிரியர் ஆறடி ஆள். இரண்டு முறை நெற்றியில் வாங்கியதும் வேறு பள்ளிக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார். கணக்கு வாத்தியார் குள்ளம் என்பதால் அவருக்கு வெகுநாள் தொந்தரவு இல்லை. காரணம் தெரிந்த ஒரே ஆளும் அவர்தான். வாயைத் திறக்கவில்லை.

அந்த அறையில் ஒரு பழக்கம் உண்டு, வாத்தியாரே கண்டுபிடித்தது. பலகைக்கு வந்த பிள்ளை புத்தகத்தில் இல்லாத வழியில் போனால் அவர் வகுப்பைத் திரும்பிப் பார்த்து, "என்ன சொல்றீங்க?" என்பார். மொத்த வகுப்பும் பெஞ்சைத் தட்டி ஒரே குரலில் "தப்பு" என்னும். அதை ஒருமுறை கேட்ட பிள்ளை அப்புறம் சொந்தமாக எதையும் முயன்று பார்க்காது. தேர்வில் எல்லோரும் தேறினார்கள், பெற்றோர் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். இதை அவர் முதன்முதலில் செய்தது தன் சொந்த மகளிடம். ஒரு கோணல் மனையின் பரப்பளவு கேட்டிருந்தார். அவள் சூத்திரத்தை எழுதாமல், மனையைக் காகிதத்தில் வரைந்து, துருத்திய மூலையைக் கத்தரித்து, குறைந்த பக்கத்தில் ஒட்டி, நேரான செவ்வகமாக்கிக் காட்டினாள். விடை அச்சுப் பிசகாமல் சரி. பார்த்தவுடன் அவருக்குத் தெரிந்தது, உள்ளுக்குள் பூரித்தும் போனார். ஆனால் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மகள் என்பதால் சலுகை காட்டுகிறார் என்று பேசிவிடுவார்களோ என்று பயந்துவிட்டார். வகுப்பைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். அன்று சாயங்காலம் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது.

மகள் அம்மாவைப் போல உயரமாக வளர்ந்தாள், ஆனால் திறந்தவெளியில்கூடக் குனிந்தே நடந்தாள். எலும்பு மருத்துவர் முதுகில் ஒன்றும் இல்லை என்றார். செருப்புக் கடையில் இரண்டு ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு, "எதுப்பா சரி?" என்பாள். படிப்பு, பேருந்து, புடவை எல்லாவற்றுக்கும் அதே கேள்விதான். அவர் பதில் சொல்வார், அப்புறம் சோறு இறங்காது. பெற்ற பெண்ணின் முகத்தை நேராகப் பார்க்க முடியாத வெட்கம் அது. அவர் ஓய்வுபெற்றபோது அந்த அறைக்குள் பாடம் நடத்த யாரும் சம்மதிக்கவில்லை. ஏற்கெனவே குனிந்து நடக்கிறவள்தானே என்று வேலையை அவளுக்கே கொடுத்தார்கள்.

ஒருநாள் அவள் மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். வாத்தியார் எடுத்துக்கொண்டு போனபோது வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே மெக்கானிக்கின் மகள், எதற்கும் ஒரு குறுக்குவழி வைத்திருக்கும் வாயாடி, பலகைமுன் மண்டிபோட்டு அதே கோணல் மனையைச் சுற்றிப் பெரிய செவ்வகம் போட்டு, வேண்டாததைக் கழித்துக்கொண்டிருந்தாள். "இது புத்தகத்துல இருக்கா?" என்று வாத்தியாரின் மகள் கேட்டாள். அவருடைய குரல், அவருடைய அதே இழுப்பு. அவள் வகுப்பைப் பார்த்துத் திரும்புவதற்குள் தவழ்ந்து உள்ளே போனார்.

"அன்னிக்கு நீ வெட்டி ஒட்டினியேம்மா, அது சரி. எனக்கு அப்பவே தெரியும்."

அவள் கண்ணாடியை வாங்கி நெடுநேரம் துடைத்தாள். "அப்ப ஏன்ப்பா சொல்லல?"

"நாலு பேர் என்ன சொல்வாங்களோன்னு பயந்துட்டேன். அதுக்காக உன்னைப் போயி..."

அவள் எது சரி என்று அவரைக் கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்தாள். "சார் செஞ்சதுக்கு என்ன சொல்றீங்க?"

பிள்ளைகள் தரையைத் தட்டி ஒரே குரலில், "தப்பு" என்றார்கள். வாத்தியார் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். கூரை ஒரு சாண் மேலே போனது. "நீ போட்டு முடிடி, தப்பா வந்தா சேர்ந்து பாப்போம்" என்றாள் மகள். மெக்கானிக்கின் மகள் கழித்தலில் கோட்டைவிட்டாள், விடை தப்பாகத்தான் வந்தது. யாரும் தரையைத் தட்டவில்லை. கூரை இன்னொரு சாண் போனது.

இப்போது அது பழைய உயரத்தைத் தாண்டிவிட்டது, மாடியில் இருக்கும் ஆறாம் வகுப்புக்கு இதனால் இடைஞ்சல் ஒன்றும் இல்லை. விசிறிக்கு நீளமான தண்டு வாங்கிப் போட்டும் கீழே காற்று வருவதில்லை என்று மட்டும் புகார் உண்டு. மகள் நிமிர்ந்து நடக்கிறாள். போன மாதம் யாரையும் கேட்காமல் ஒரு செருப்பு வாங்கினாள். அது கடிக்கிறது, போட்டுக்கொண்டுதான் போகிறாள். அவ்வளவு உயரமான அந்த அறைக்குள், அந்தக் குள்ள வாத்தியார் மட்டும் இன்றைக்கும் குனிந்துதான் நுழைகிறார்.