கானில் ஊற்றிய தேத்தண்ணி

என்னயப் போல வயசானவங்க எல்லாரும் சுகமா இருக்கீங்களா? இந்தக் குளிருக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு? எனக்கு இடுப்பெலும்பு உடைஞ்சு ஏழு மாசமாச்சு. ஒரு சங்கதி மனசப் போட்டு அரிக்குது, ஒங்ககிட்டயாவது சொல்லிடுறேன்.

வட்டகொடைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள்தான் எங்கள் லயம். வாசற்படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து நான் கட்டிலோடுதான். மகள் நிஷாந்தி கொழும்பில் ஒரு வீட்டில் தங்கி, அங்கே படுக்கையில் கிடக்கும் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். என்னைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு ஜீவராணி. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடும் முன் என்னைத் துடைத்து, துணி மாற்றி, பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணி வைப்பாள். பிறகு மலையில் கொழுந்து பறித்து, பகல் நிறுவை முடிந்து, பன்னிரண்டு மணிக்குத்தான் ஓடி வருவாள்.

"பிளாஸ்க் காலி! வயிறா பீப்பாவா பெரியம்மா இது?" என்று சிரிப்பாள்.

நானும் சிரிப்பேன். உண்மையில் அதில் முக்கால்வாசி கட்டிலை ஒட்டிய ஜன்னல் வழியே பின்பக்கச் சாக்கடைக் கானுக்குப் போயிருக்கும்.

முப்பத்தெட்டு வருடம் மலையில் நின்ற உடம்பு இது. அங்கே பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. அதனால் காலையில் வாயை மட்டும் நனைத்துக்கொண்டு போவோம், நிறுவை வரை அடக்கிக்கொள்வோம். கட்டிலிலும் நான் அதைத்தான் செய்தேன். குடித்தால் பத்து மணிக்கே வரும். பேசின் வைக்க யார் இருக்கிறார்கள்? பம்பர்ஸ் கட்டினால் தோல் புண்ணாகிவிடுகிறது.

போன மாதம் ஒரு நாள் காய்ச்சலில் யார் யாரையோ கூப்பிட்டுப் பிதற்றினேனாம். ஜீவராணி அன்று வேலைக்குப் போகாமல் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். தண்ணீர் குடிக்காமல் உடம்பு வற்றிவிட்டது, சிறுநீரில் கிருமி என்றார் டாக்டர்.

நிஷாந்தி ரயிலேறி வந்தாள். வார்டிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன்க்கா, ஒரு வாய் தண்ணி குடுக்கக்கூட ஒங்களுக்கு நேரமில்லாம போச்சா?"

"தெனம் பிளாஸ்க் நெறய வச்சேன்டி. காலியாத்தான் எடுத்தேன். எம்புள்ளைங்க மேல சத்தியமா!"

"அப்ப டாக்டரு பொய் சொல்றாரா? போதும்க்கா, இனி நீங்க வர வேணாம். அட்டன்ல வயசானவங்க இல்லத்துல அம்மாவச் சேத்துடுறேன்."

ஜீவராணி என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த பாவம். மூத்திரத்துக்குப் பயந்து ஊற்றினேன் என்று பெற்ற மகளிடம் எப்படிச் சொல்வது? இரண்டு நாள் அப்படியே கிடந்தேன். மூன்றாம் நாள் நிஷாந்தி அந்த இல்லத்துக்குப் போன் எடுத்து இடம் கேட்டபோதுதான் வாய் திறந்தது.

"அவள ஏசாத புள்ள. நாந்தான் கான்ல ஊத்துனேன்."

காரணத்தையும் சொன்னேன். நிஷாந்தி போனை வைத்தாள்.

"கொழும்பு அம்மாவுக்கு மணிக்கொருக்கா தண்ணி குடுக்குறேன்ம்மா," என்றாள். அன்று மாலையே ஜீவராணி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, மறுபடி வரச் சொன்னாளாம்.

நான் லயத்துக்குத் திரும்பிய அன்று ஜீவராணி வந்தாள். அந்தச் சிரிப்பு இல்லை. தம்ளரை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்கண்ணு முன்னால குடிங்க."

"கோவமா ராணி?"

"நானுந்தான் மலைக்குக் குடிக்காம போறேன். ஒரு வார்த்த சொன்னா எனக்குப் புரியாதா? அவ ஊரு முன்னால ஏசுறப்போ கண்ண மூடிக்கிட்டீங்களே பெரியம்மா."

தம்ளரை வாங்கினேன். குடித்தேன்.

இப்போது தினமும் குடிக்கிறேன். பத்து மணிக்கு வந்துவிடுகிறது. பன்னிரண்டு வரை ஈரத்திலேயே கிடந்து, ஜன்னல் வழியே மலைப்பாதையைப் பார்க்கிறேன். அவள் வருகிறாள், பேசாமல் துணி மாற்றுகிறாள். போகும்போது ஜன்னலுக்கு வெளியே கானை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

ஒங்கள யாரு பாத்துக்குறாங்க? அவங்ககிட்ட வாய்விட்டுக் கேக்கக் கூச்சப்பட்டு இப்படி எதையாவது மறைச்சீங்களா? எழுதுங்க. ஜீவராணி பழையபடி சிரிக்கிறதுக்கு நான் என்ன செய்யணும்னு தெரிஞ்சா, அதையும் எழுதுங்க.