நான்காம் பிரிவின் வீடு

1994 மார்ச் பதினைந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, பலெர்மோ நகரின் பிரான்காச்சோவில் ஸ்ரனிஸ்லாசின் வீட்டுக் குசினி ஒன்றரை மீற்றர் நீண்டது. அவன் அப்போது வேலையில் இருந்தான். மனைவி அமலினி தொட்டியடியில் நின்று மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அடுப்பு மெல்ல அவளை விட்டு விலகிப் போய், ஒரு கட்டிலின் அகலத்துக்கு அப்பால் நின்றது. சத்தம் எதுவும் இல்லை. சுவர்த் தட்டில் இருந்த மிளகாய்த்தூள் போத்தல்கூட அசையவில்லை. மூன்றாம் மாடியில் இருந்த அந்த வீட்டைத் தெருவிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை; பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஓர் அங்குலம் குறையவில்லை. அமலினி மீனைக் கழுவி முடித்து, இரண்டு எட்டு கூடுதலாக நடந்து போய்ச் சட்டியை அடுப்பில் வைத்தாள்.

ஸ்ரனிஸ்லாஸ் பேசாலையில் இருந்து வந்தவன். பாராளுமன்ற மாளிகைக்கு அருகே இருந்த கோப்பிக் கடையொன்றில் வேலை. அந்த இத்தாலியத் தீவின் பிராந்தியப் பாராளுமன்றத்தில் வீடமைப்புக் குழு கூடும் நாட்களில், பதினொரு மணிக்குப் பன்னிரண்டு கோப்பைகளைத் தட்டில் ஏந்திக்கொண்டு அவன் இரண்டாம் மாடிக்கு ஏறுவான். அதுவரையான நாலு வருடத்தில் அந்த அறையில் அவன் வாயிலிருந்து வந்த ஒரே சொல் 'பிரேகோ', எடுத்துக்கொள்ளுங்கள் என்பது மட்டுமே. அந்த வசந்தத்தில் குழுவின் முன்னால் ஒரு சட்டமூலம் கிடந்தது. வெளிநாட்டுத் தொழிலாளியின் குடும்பம் வசிக்கும் வீடு எப்படி இருக்கவேண்டும் என்று அதன் நான்காம் பிரிவு சொன்னது. குழுவின் எழுத்தரான குசுமானோவுக்குப் பின்னிணைப்பில் போட ஒரு மாதிரி வீடு தேவைப்பட்டது. யாரைக் கேட்பது என்று நிமிர்ந்தவர், தட்டோடு நின்றவனைக் கண்டார். இருபத்தெட்டுச் சதுர மீற்றர், ஓர் அறை, குசினி, கழிவறை. ஸ்ரனிஸ்லாஸ் தன் வீட்டைப் பற்றிச் சொல்லச் சொல்ல வரைந்து இணைத்துவிட்டார். அதன் பிறகு இருவரும் அதை மறந்து போனார்கள்.

அன்று மாலை அமலினி கேட்டாள்: "பதினொண்டு இருபதுக்கு அங்கை என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை. நாலு தசம் ஏழு எண்டு ஒரு திருத்தம். ஏழு பேர் கை தூக்கிச்சினம், அஞ்சு பேர் தூக்கேல்லை."

"என்ன திருத்தம்?"

"மாதிரி வீட்டுக் குசினியை ஒன்றரை மீற்றர் நீட்டவேணும் எண்டு."

அதற்குப் பிறகு இருவரும் சாப்பிட்டார்கள்.

அடுத்த வாரங்களில் அவர்களுக்கு நடைமுறை பிடிபட்டது. திருத்தத்தைக் கொண்டுவந்தவர் முதலில் விளக்குவார். அப்போது வீட்டுச் சுவரில் ஒரு சின்ன நடுக்கம் வரும். சட்டமூலத்துக்குப் பொறுப்பான அறிக்கையாளர் தன் கருத்தைச் சொல்வார், பிறகு அரசாங்கத்தின் சார்பில் வந்தவர் சொல்வார். இருவரும் வேண்டாம் என்றால் நடுக்கம் அநேகமாக அடங்கிவிடும். வேண்டும் என்றால், அமலினி அலுமாரியில் இருந்த கண்ணாடிக் கிளாஸ்களை நிலத்தில் இறக்கி வைப்பாள். கழிவறையைப் பாதியாக்கும் திருத்தத்துக்கு ஆறு பேர் ஆதரவு, ஆறு பேர் எதிர்ப்பு. அவள் உள்ளே இருந்தபோது கதவு முழங்காலில் முட்டும்வரை வந்து, யோசித்து, திரும்பிப் போனது. சமமாக வந்தால் திருத்தம் தோற்றது என்று அவளுக்கு எவரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. ஒவ்வோர் அறைக்கும் ஜன்னல் வேண்டும் என்று ஒருவர் திருத்தம் கொடுத்தார். அந்தத் திருத்தத்துக்கே இன்னொருவர் ஒரு திருத்தம் கொடுத்தார்: 'ஜன்னல் அல்லது அதற்கு ஈடான திறப்பு'. திருத்தத்தின் திருத்தத்தை முதலில் வாக்குக்கு விடுவதுதான் முறை. அது வென்றது, பிறகு முழுத் திருத்தமும் வென்றது. படுக்கை அறையின் கூரையில் வட்டமான ஓர் ஓட்டை விழுந்து, அதில் ஆகாயம் தெரிந்தது. மேல்மாடியில் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். அவர்களுடைய தரைக்கு ஒன்றும் ஆகவில்லை. மழைக்கு ஒரு வாளி வைத்தார்கள்.

ஏப்ரலில் பாஸ்காத் திருநாள் முடிந்தபோது வீடு நாற்பத்தைந்து சதுர மீற்றராகியிருந்தது. நீண்ட குசினியின் கோடியில் அமலினி பழைய தையல் மெசின் ஒன்றை வாங்கிப் போட்டாள். பலெர்மோவுக்கு வந்த நாள் முதல் மூன்று சினியோராக்களின், அந்த ஊர் வீட்டு அம்மாக்களின், மாடிப்படிகளைத் தேய்த்தவள், அந்த மாதம் அவர்களிடம் சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றுவிட்டாள். தமிழ்ப் பெண்களின் சட்டைகளும் அக்கம்பக்கத்தாரின் காற்சட்டைகளும் அவள் மேசையில் குவிந்தன.

அப்போதுதான் நாலு தசம் ஒன்று வந்தது. உறுப்பினர் தந்தீல்லோ அதைத் தொடக்கத்திலேயே கொடுத்திருந்தார். நான்காம் பிரிவை முழுவதுமாக நீக்கவேண்டும் என்பது அதன் ஒரே வரி. அப்படியான திருத்தத்தைத்தான் முதலில் எடுக்கவேண்டும். ஆனால் நிதிக் குழுவின் கருத்து வரும்வரை அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள். கருத்து வந்துவிட்டது. தந்தீல்லோவோடு சேர்த்து ஆறு பேர் உறுதி, ஏழாமவர் தடுமாறிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வீடு இல்லாமல் போகும். நீங்கள் ஒண்டும் சொல்லமாட்டியளோ?" என்றாள் அமலினி.

"கோப்பி கொண்டுபோறவன் அங்கை கதைக்கேலாதப்பா. வேலையாலை நிப்பாட்டிப் போடுவாங்கள்."

"வேலையாலை வந்து எங்கை இருக்கப் போறியள்?"

அடுத்த நாள் ஸ்ரனிஸ்லாஸ் வழக்கம்போலத் தட்டோடு படியேறினான். குழுத் தலைவர் நாலு தசம் ஒன்று என்று வாசித்த கணத்தில், அவன் தட்டை மேசையில் வைத்துவிட்டு, தன் வீடு எவ்வாறு நீண்டது, எவ்வாறு அகன்றது, இப்போது என்ன ஆகப்போகிறது என்பதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னான். தலைவர் இருபத்திரண்டு வருடமாகத் தலைவராக இருந்தவர். எதற்கும் ஆச்சரியப்படும் பழக்கம் அவரிடம் இல்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: படுக்கை அறையின் திறப்பு உப பிரிவு இரண்டின்படி உள்ளதா, மூன்றின்படி உள்ளதா? ஸ்ரனிஸ்லாசுக்குத் தெரியவில்லை. அப்படியானால் குழு நேரில் பார்க்கவேண்டும் என்று தலைவர் சொன்னார். அதுவும் வாக்குக்கு விடப்பட்டது. எட்டுக்கு நாலு.

பன்னிரண்டு உறுப்பினர்களும் எழுத்தரும் பேருந்தில் பிரான்காச்சோவுக்குப் போனார்கள். தந்தீல்லோ அளவுநாடாவால் வீட்டை மூன்று தரம் அளந்துவிட்டு, இது அனுமதியில்லாத கட்டுமானம் என்றார். வெளியே எதுவும் கட்டப்படாதபடியால் அனுமதி தேவையில்லை என்று குசுமானோ பணிவாகத் தெரிவித்தார். அமலினி தேநீரும் மீன் ரோல்ஸும் கொடுத்தாள். பன்னிரண்டு பத்துக்குத் தலைவர் குசினியில் கூட்டத்தைத் தொடங்கினார். குறிப்புப் புத்தகம் தையல் மெசினின் மேல் விரிக்கப்பட்டது. முதலில், பலகணி, அதாவது பால்கனி, ஒன்று வேண்டும் என்ற ஒரு திருத்தத்தைக் குழுவினர் பரீட்சார்த்தமாக எடுத்தார்கள். ஏழுக்கு ஐந்து. சுவரில் சாய்ந்திருந்த இரு உறுப்பினர்கள் கோப்பையும் கையுமாக வெயிலில் நின்றார்கள். அந்தப் பலகணியிலிருந்து தெருவைப் பார்க்கலாம். தெருவிலிருந்து பலகணியைப் பார்க்க முடியாது.

பிறகு நாலு தசம் ஒன்று. தந்தீல்லோ நேர்மையான மனிதர். எந்த மனிதருக்கும் தான் எதிரி அல்ல, இந்தப் பிரிவுக்குத்தான் எதிரி என்று விளக்கினார். அமலினி தன் மூன்று வருட இத்தாலிய மொழியில் அவரிடம் ஒன்று கேட்டாள்: ஐயா கை தூக்கும்போது அறைக்குள்ளே நிற்பாரா, படிக்கட்டில் நிற்பாரா?

"உறுப்பினர் அறைக்குள் நின்றுதான் வாக்களிக்க வேண்டும்," என்றார் தலைவர். "ஆதரவானவர்கள்?"

தந்தீல்லோ கையை உயர்த்தினார். உடனே அவர் காலடியில் தரைக்கல் வெளிறி, கண்ணாடிபோலாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. கீழ்வீட்டுச் சினியோரா கொன்செத்தா, தக்காளிக் குழம்பு கிண்டிய அகப்பையோடு அண்ணாந்து பார்த்து, அவருக்கு வணக்கம் சொன்னார். வாக்குறுதி கொடுத்திருந்த மற்ற ஐவரில் நால்வர் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். ஐந்தாமவர் பலகணியில் நின்றார். தந்தீல்லோ மட்டும் கையை இறக்கவில்லை. இடது கையால் அடுப்பைப் பிடித்துத் தொங்கியபடி, வலது கையை நேராக வைத்திருந்தார். ஸ்ரனிஸ்லாஸ் ஓடிப்போய் அவருடைய இடுப்பைக் கட்டிப் பிடித்தான். தன் வீட்டை இல்லாமல் ஆக்க நின்றவரை ஏன் பிடித்தாய் என்று பின்னாளில் பலர் அவனைக் கேட்டார்கள். ஆள் விழப்போகிறார், பிடிக்காமல் என்ன செய்வது என்பதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆதரவு ஒன்று, எதிர்ப்பு ஒன்பது. பலகணி அறைக்குள் அடங்குமா என்பது தெளிவில்லாததால் அங்கே நின்ற இருவரும் சமூகமளிக்கவில்லை என்று குறிக்கப்பட்டது. தரைக்கல் திரும்பி வந்தது. தந்தீல்லோ கழுத்துப்பட்டியைச் சரிசெய்து, இன்னொரு ரோல்ஸ் எடுத்துக்கொண்டார். திருத்தப்பட்ட நான்காம் பிரிவு நின்ற நிலையிலேயே நிறைவேறியது.

சட்டமூலம் மே மாதம் குழுவைத் தாண்டிச் சபைக்குப் போய், நிகழ்ச்சி நிரலில் பதினாலாவதாக நின்றது. சபை இரண்டு வருடமாகப் பதின்மூன்றாவதைத் தாண்டவில்லை. 1996இல் பாராளுமன்றத்தின் காலம் முடிந்தது, சட்டமூலமும் காலாவதியானது. அன்று ஸ்ரனிஸ்லாசும் அமலினியும் தையல் மெசினையும் சட்டி பானைகளையும் மடு மாதா சொரூபத்தையும் படிக்கட்டில் இறக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். மாலைவரை ஒன்றும் அசையவில்லை. காலாவதிக்கு ஒருவரும் வாக்களிப்பதில்லை என்று குசுமானோ தொலைபேசியில் சொன்ன பிறகு, எல்லாவற்றையும் திரும்ப உள்ளே கொண்டுபோனார்கள்.

அடுத்த ஆண்டு காணிப் பதிவகத்திலிருந்து ஒருவர் வந்து வீட்டை உள்ளும் புறமும் அளந்தார். வெளியே இருபத்தெட்டு. உள்ளே, பலகணியைச் சேர்க்காமல், நாற்பத்தைந்து. மிச்சமாக வரும் பதினேழு சதுர மீற்றரில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டார்.

அமலினி மெசினை நிறுத்தாமல் கணவனிடம் சொன்னாள்: "நாங்கள்தான் எண்டு சொல்லுங்கோ. வேறை ஆர்?"

ஸ்ரனிஸ்லாஸ் அதைச் சொன்னான். அவர் இருவருடைய பெயர்களையும் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்த வீட்டை அளக்கப் போனார்.